தோட்டத்துக்குப் பதினேழு விளக்குகள்

நான் வீட்டுத் தோட்டங்களுக்கு விளக்கு அமைத்துக் கொடுப்பவள். எந்த மரத்துக்குக் கீழிருந்து வெளிச்சம் போட வேண்டும், எந்தச் சுவரில் எந்தச் செடியின் நிழல் விழ வேண்டும், நடைபாதையில் எத்தனை அடிக்கு ஒரு விளக்கு என்று வரைபடம் போடுவேன். பிறகு எலெக்ட்ரீஷியனோடு வந்து பொருத்தி, இருட்டியதும் ஒவ்வொரு விளக்காகத் திருப்பிச் சரிசெய்துவிட்டுப் போவேன். இருபத்தாறு வருடமாக இதுதான் பிழைப்பு. மண்டி போட்டுப் போட்டு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன.

அந்த வீட்டுக்கு முதல் முறை போனபோது மாலை நாலரை மணி. தெருவின் கடைசி வீடு. பழைய வீடு, பெரிய தோட்டம். சுவருக்கு அந்தப் பக்கம் காலி நிலம். இப்படிப்பட்ட வீட்டுக்காரர்கள் வழக்கமாகப் போனைத் தடவித் தடவிப் படம் காட்டுவார்கள், நீரூற்றுக்குள் விளக்கு வேண்டும், மரமெல்லாம் நீலமாகத் தெரிய வேண்டும் என்பார்கள். கதவைத் திறந்த பெண்மணி எதையும் காட்டவில்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும். ஆஸ்பத்திரி மருந்துப் பிரிவில் வேலை, சீருடையைக்கூட மாற்றவில்லை. தூக்கம் கெட்ட கண்கள்.

“தோட்டத்துல எங்கயும் இருட்டு இருக்கக் கூடாது மேடம். எனக்கு அவ்வளவுதான் வேணும்,” என்றாள்.

அவளுடைய அப்பா நிலம் அளக்கும் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடமாக ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. தினமும் பொழுது சாய்ந்ததும் பின்கதவைத் திறந்துகொண்டு தோட்டத்தின் கடைசி மூலைக்குப் போய்விடுவார். அங்கே பெரிய மரத்துக்குப் பின்னால் ஒரு பழைய சிமெண்டுத் தொட்டி. அதன் பக்கத்தில் போய் நிற்பார். கூட்டி வந்து படுக்க வைத்தால் மறுபடி எழுந்து போவார். கதவைப் பூட்டினால் கதவையே உடைக்கப் பார்க்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் இருட்டில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து மகள் சமையலறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குகிறாள், அதைத் தூக்கம் என்று சொல்ல முடிந்தால்.

“இன்னொரு தடவை விழுந்தா முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம்னு அண்ணன் சொல்லிட்டான். அவனுக்கென்ன, அவன் தூரத்துல இருக்கான்,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள், “அவன் சொல்றதைக் கேட்டு எனக்குக் கோபமே வரலை மேடம். சரின்னு சொல்லிடுவேனோன்னுதான் பயமா இருக்கு.”

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு பெரிய தோட்டமானாலும் ஒரு மூலையை இருட்டாகவே விட்டுவிடுவேன். எல்லா இடத்திலும் விளக்கைப் போட்டால் அது தோட்டமாக இருக்காது, பெட்ரோல் பங்க்காகிவிடும். கண்ணுக்கும் ஓய்வு வேண்டும். இதற்காக எத்தனையோ வீட்டுக்காரர்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன், ஒரு வேலையையே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு மல்லுக்கட்டத் தெம்பில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் இருந்திருக்காது.

“சரிம்மா, ஒரு மூலைகூட விடாம போட்டுடலாம்,” என்றேன்.

வெளிச்சம் இருக்கும்போதே இடத்தைப் பார்த்துவிடலாம் என்று தோட்டத்துக்குள் நடந்தேன். சர்வேயரும் கூடவே வந்தார். மெலிந்த, உயரமான மனிதர், மணிக்கட்டில் இன்னும் கட்டு. மகள் பெயர் அவருக்குச் சில நேரம் மறந்துபோகுமாம். ஆனால் பின்படியிலிருந்து மரம் எத்தனை அடி, மரத்திலிருந்து தொட்டி எத்தனை அடி என்று கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தார். என் நாடாவைப் போட்டுப் பார்த்தேன், ஓர் அங்குலம் பிசகவில்லை.

“தொட்டிக்கு அந்தப் பக்கம் எத்தனை அடிங்கய்யா?”

“அது ஒரு நாளைக்கு ஒரு மாதிரி இருக்கும்மா. அங்க ஒருத்தர் நிக்கிறாரு.”

“யாரு?”

“கேட்டதில்ல. ரொம்பக் களைச்சுப்போயிருக்காரு. எதுக்குக் கேட்டுத் தொந்தரவு பண்ணணும்? பக்கத்துல கொஞ்ச நேரம் நிப்பேன். சாய்ஞ்சுக்குவாரு.”

ஞாபகம் தப்பிய பெரியவர்கள் பேசுவதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். தலையாட்டிவிட்டு வரைபடத்தில் தொட்டிக்கு இரண்டு விளக்கு என்று குறித்துக்கொண்டேன்.

ஆறு மணிக்கு என் எலெக்ட்ரீஷியன் வந்தார். பத்து வருடமாக என்னோடு இருப்பவர். சட்டைப் பையில் எப்போதும் மீட்டர் இருக்கும், ஆகவே பெயரே மீட்டர் ஆகிவிட்டது. வேலையை ஆரம்பிக்கும் முன் தற்காலிகமாக நாலைந்து விளக்கை வைத்து, வீட்டுக்காரருக்கு ஒத்திகை காட்டுவது எங்கள் முறை. மகளைச் சமையலறை ஜன்னலில் நிற்க வைத்துவிட்டு, ஒயரை இழுத்துக்கொண்டு கடைசி மூலைக்குப் போனோம். சர்வேயர் அதற்குள் தொட்டியருகே போய் நின்றிருந்தார்.

முதல் விளக்கைப் போட்டேன். மரம் தெரிந்தது. தொட்டியின் முன்பக்கம் தெரிந்தது. பின்பக்கம் தெரியவில்லை.

விளக்கைத் தொட்டியின் பக்கவாட்டில் கொண்டுபோய் வைத்தேன். தரைக்கு வெளிச்சம் வரவில்லை. மீட்டர் தன் மீட்டரை வைத்துப் பார்த்தார்.

“கரெண்ட் முழுசா இருக்குக்கா. பல்பு சுடுது பாருங்க. வெளிச்சம் மட்டும் எங்க போகுதுன்னு தெரியலை. எவனோ நடுவுல வாங்கி வச்சுக்கிறான்.”

அவர் எப்போதும் இப்படித்தான் பேசுவார். நான் சிரிக்கப் பார்த்தேன். அப்போதுதான் அந்த வாடை வந்தது. நீண்ட நாள் படுக்கையில் கிடந்தவருடைய அறையில் இருக்குமே, துவைக்காத போர்வையும் மருந்தும் கலந்த வாடை, அது. திறந்த தோட்டத்தில் அதற்கு வேலையே இல்லை.

போன் அடித்தது. ஜன்னலிலிருந்து மகள்.

“மேடம், அப்பா பக்கத்துல நிக்கிறது மீட்டர் அண்ணனா?”

மீட்டர் என் காலடியில் குந்தி ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“நிழலா இருக்கும்மா,” என்றேன்.

நிழல் என்றுதான் நானும் நம்பினேன். என் தொழிலில் நிழலுக்கு மருந்து ஒன்றே ஒன்றுதான். ஒரு பக்கம் நிழல் விழுந்தால் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு விளக்கு. வரைபடத்தில் தொட்டிக்கு இரண்டு என்று இருந்ததை நான்காகத் திருத்தினேன். மொத்தம் பதினேழு.

மூன்று வாரத்தில் ஒயர் புதைத்து, விளக்குகளைப் பொருத்தி முடித்தோம். பகல் வேலை, எந்தத் தொந்தரவும் இல்லை. கடைசியாக ஒவ்வொரு விளக்கையும் திருப்பிச் சரிசெய்யும் வேலை மட்டும் பாக்கி. அதை இருட்டிய பிறகுதான் செய்ய முடியும். ஏழு மணிக்கு ஆரம்பித்தோம்.

இதற்கும் ஒரு வரிசை உண்டு. தூரத்து மூலையில் ஆரம்பித்து வீட்டை நோக்கி வர வேண்டும். முதலிலேயே காலடியில் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டால் கண் அதற்குப் பழகிவிடும், தூரத்தில் எவ்வளவு போதும் என்று தெரியாது. தொழில் கற்ற நாளிலிருந்து நான் இப்படித்தான் செய்கிறேன். என்னைப் போன்ற எவரும் இப்படித்தான் செய்வார்கள். அன்றைக்கும் யோசிக்காமல் தொட்டியில் ஆரம்பித்தேன்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவதைப் போட்டதும் தொட்டிக்குப் பின்னால் இருந்த இருட்டு விலகியது.

அணைந்தது என்றோ கரைந்தது என்றோ சொல்ல மாட்டேன். வழியில் உட்கார்ந்திருந்த ஒருவர் முனகிக்கொண்டே எழுந்து ஒதுங்குவது போல அது எழுந்து ஒதுங்கியது. தொட்டிக்குப் பின்னால் வெறும் மண்ணும் சருகும் தெரிந்தன.

“அப்பாடா,” என்றார் மீட்டர்.

அடுத்தது மரத்துக்கு மூன்று. அதற்கடுத்து சுவரோரச் செடிகள். நான் மண்டியிட்டு விளக்கின் தலையைத் திருப்புவேன், மீட்டர் திருகாணியை முடுக்குவார், ஒரு வட்டம் வெளிச்சம் நிற்கும். ஒவ்வொரு முறையும் அந்த வட்டத்துக்கு வெளியே, வீட்டுப் பக்கமாக, இலைகள் அசைந்தன.

காற்று இல்லை.

மீட்டர் பேசுவதை நிறுத்தியிருந்தார். பத்து வருடத்தில் அவர் கால் மணி நேரம் வாயை மூடி நான் பார்த்ததில்லை.

மகள் போனிலேயே இருந்தாள். “நல்லாத் தெரியுது மேடம். மரம் தெரியுது. தொட்டி தெரியுது.” அவள் குரலில் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு தெளிச்சி. நடைபாதை விளக்குகளுக்கு வந்தோம். பதிமூன்று. பதினான்கு. “பாதையும் தெரியுது. நீங்க ரெண்டு பேர்தானே வந்தீங்க?”

“ஆமாம்மா.”

“அப்ப உங்களுக்கு முன்னாடி நடந்து வர்றது யாரு?”

நான் நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு முன்னால் பாதையில் இன்னும் விளக்குப் போடாத பத்தடி இருட்டும், அதற்கப்புறம் பின்படியும்தான் இருந்தன.

பதினைந்து.

வேலையை நிறுத்தியிருக்கலாம். இப்போது நினைத்தால் நிறுத்தியிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. அப்போது எனக்குத் தோன்றியதெல்லாம், இன்னும் இரண்டு விளக்கைப் போட்டுவிட்டால் இந்த இருட்டே இருக்காது என்பதுதான்.

பதினாறு.

படிக்குப் பக்கத்தில் பதினேழு.

தோட்டம் முழுவதும் பட்டப்பகல் மாதிரி ஆகிவிட்டது. விரலளவு இருட்டு எங்கேயும் இல்லை. பின்கதவு மட்டும் திறந்திருந்தது, மெதுவாக உள்பக்கமாக ஆடிக்கொண்டிருந்தது.

“கதவை நீங்க திறந்தீங்களாம்மா?” போனில் கேட்டேன்.

“இல்லையே. நான் ஜன்னல்லதானே நிக்கிறேன்.”

சர்வேயர் வீட்டுக்குள்ளிருந்து பின்வாசலில் வந்து நின்றார். வழக்கமாக அந்த நேரத்துக்கு அவரைப் பிடித்து நிறுத்த இரண்டு ஆள் வேண்டும். அன்றைக்குப் படியில்கூட இறங்கவில்லை. தோட்டத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, அளப்பவர் பார்வையில் பார்த்தார். நாங்கள் விளக்கேற்றிக்கொண்டு வந்த வழியை விரலால் காற்றில் கோடு போட்டுப் பார்த்தார். அந்த நிமிடம் அவருக்கு எந்த மறதியும் இல்லை.

“வீட்டுல ஆரம்பிச்சு வெளிய போயிருக்கணும்மா. சுவரைத் தாண்டிப் போயிருக்கும்,” என்றார். “நீங்க அங்கிருந்து இங்க ஓட்டிட்டு வந்துட்டீங்க.”

சொல்லிவிட்டு உள்ளே திரும்பிப் போனார். மாட்டைத் தொழுவத்துக்குள் ஓட்டுவதுபோல ஓட்டிவந்திருக்கிறேன் என்று எனக்கு அங்கேயே புரிந்தது. புரிந்தும் நான் செய்ததெல்லாம் சாமான்களைப் பையில் போட்டுக் கட்டியதுதான். களைப்பாக இருந்தது. வீட்டுக்குப் போக வேண்டும் போலிருந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஒரு வாரம் கழித்து மகள் போன் செய்தாள். “அப்பா வெளிய போறதே இல்ல மேடம். நான் கட்டில்ல படுத்துத் தூங்குறேன். உங்களை எப்படி மறப்பேன்?” எனக்கும் நிம்மதியாக இருந்தது. பயந்தது என் மனப்பிராந்தி என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த மாதம் மறுபடி கூப்பிட்டாள். அப்பா இப்போது நடைவழியில் மாடிப்படிக்குக் கீழே உள்ள சாமான் அறைக் கதவுக்கு முன்னால் நிற்கிறாராம். கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை. உட்காரச் சொன்னால் கேட்பதில்லை. நடைவழியில் மின்விளக்குப் போட்டால் அணைத்துவிடுகிறார்.

“தோட்டத்து விளக்கையெல்லாம் அணைச்சுடுங்கம்மா,” என்றேன். “பின்கதவைத் திறந்து வச்சுட்டு, முன்ரூம்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு ரூமா லைட்டைப் போட்டுக்கிட்டே பின்னாடி போங்க. நான் தப்பா செஞ்சதைத் திருப்பிச் செய்யணும்.”

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருந்தது.

“வெளிய இருட்டானா அது மறுபடி தொட்டிக்கிட்டப் போகும். அப்பாவும் பின்னாலயே போவாரு. விழுவாரு. இங்க தரை சமமா இருக்கு மேடம். நிக்கட்டும். நானும் தூங்கணும்.”

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை விளக்குகளைத் துடைத்து, மறைக்கிற இலைகளை நறுக்கிவிட்டு வருவது ஒப்பந்தத்தில் உண்டு. மீட்டர் வர மறுத்துவிட்டார். “கரெண்ட்ல என்ன கோளாறுன்னாலும் கையை வைப்பேன்க்கா. அந்த வீட்டுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க.” தனியாகப் போனேன். மாலை ஐந்தரை.

மணி அடித்தும் யாரும் வரவில்லை. கதவு திறந்தேயிருந்தது. உள்ளே எல்லா விளக்குகளும் அணைந்திருந்தன. கண் பழகியதும் நடைவழியின் கோடியில் ஓர் உருவம் தெரிந்தது. சர்வேயர் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மகள். சாமான் அறைக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

“அப்பா எங்கம்மா?”

“போன மாசம் நின்னபடியே தூங்கி விழுந்துட்டாரு. இடுப்பு எலும்பு. அண்ணன் வந்து இல்லத்துல சேர்த்துட்டான்.” கிசுகிசுப்பாகவே பேசினாள், பக்கத்தில் குழந்தை தூங்குவதுபோல. “நீங்க சொன்ன மாதிரி செஞ்சு பார்த்தேன் மேடம். அவரைக் கூட்டிட்டுப் போன அன்னைக்கே, முன்ரூம்ல இருந்து லைட்டைப் போட்டுக்கிட்டே வந்தேன். இங்கிருந்து போயிடுச்சு. சந்தோஷமா இருந்தேன்.”

“அப்புறம்?”

“மூணாவது நாள் இல்லத்துல இருந்து போன். அப்பா எழுந்து நிக்கவே கூடாது, ஆனா கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு ஒரு மூலையில போய் நிக்கிறாராம். வலியில கத்துறாராம், ஆனா படுக்க மாட்டேங்குறாராம். நான் வீட்டுல எல்லா லைட்டையும் அணைச்சுட்டு இங்க வந்து நின்னேன். வான்னு கூப்பிட்டேன். அன்னைக்கு அவர் தூங்கிட்டாரு. அதுலேருந்து தூங்குறாரு. நர்ஸ் சொன்னாங்க, நல்லாத் தூங்குறாராம்.”

“நீ தூங்கினியாம்மா?” அவளை ஒருமையில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“வேலைக்குப் போன இடத்துல கொஞ்சம் கண்ணை மூடினேன். மருந்தை மாத்திக் கொடுத்துட்டேன்னு வேலையை விட்டே அனுப்பிட்டாங்க.” சுவரைப் பிடித்துக்கொண்டாள். கால்கள் வீங்கியிருந்தன. “மேடம், ஒரே ஒரு மணி நேரம் நீங்க நிக்கிறீங்களா? நான் படுத்துட்டு வந்துடறேன்.”

என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. தோட்டத்தின் கடைசி மூலையில் தன்பாட்டுக்கு நின்றுகொண்டிருந்ததை ஒவ்வொரு விளக்காகப் போட்டு இந்தக் கதவுவரை கொண்டுவந்து சேர்த்தது நான்தான்.

பையைக் கீழே வைத்துவிட்டு அவள் இடத்தில் நின்றேன். அவள் பக்கத்து அறைக்குப் போனாள். கட்டில் கிறீச்சிட்டது. அடுத்த மூச்சிலேயே குறட்டை கேட்டது.

வெளியே தோட்டத்து விளக்குகள் தானாக எரியத் தொடங்கின. நடைவழிக்கு அந்த வெளிச்சம் வரவில்லை.

முதலில் ஒன்றுமில்லை.

பிறகு அந்த வாடை வந்தது.

கதவு எனக்குப் பின்னால் ஓரடி தள்ளியிருந்தது. நான் அதன்மேல் சாய்ந்திருக்கவில்லை. திறக்கும் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

என் முதுகில் மெல்ல ஒரு பாரம் வந்தது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் தூக்கத்தில் சாய்வதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக, கடைசியில் முழு எடையும். தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு நெற்றி வந்து பதிந்தது. சில்லென்றிருந்தது. நீளமாக ஒரு மூச்சு விட்டது.

கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் அவள் எழுந்துவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மணி நேரம் ஆனது. எழுப்ப மனம் வரவில்லை. இரண்டானது. எட்டரை மணிக்கு அவள் தானாகவே எழுந்து, தலையை முடிந்துகொண்டே பதறி ஓடிவந்தாள்.

“அசந்துட்டேன் மேடம். நகருங்க, நகருங்க, நான் நிக்கிறேன்.”

நான் நகர்ந்து வழிவிட்டேன். அவள் கதவுக்கு முதுகைக் காட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். ஒரு நிமிடம் போயிற்று. கண்ணைத் திறந்தாள். கையைப் பின்னால் நீட்டித் துழாவினாள். திரும்பி, இத்தனை நாளாகத் தொடாத கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“இங்க யாரும் இல்ல மேடம்,” என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “போயிடுச்சு. அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு கேக்கணும்.” இல்லத்துக்குப் போன் போட்டாள். அப்பா சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்றார்கள். சிரித்தாள். நான் அவள் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“நீங்க என்ன மேடம் செஞ்சீங்க?”

“ஒண்ணும் இல்லம்மா. சும்மா நின்னேன். நீ போய்ப் படு,” என்றேன்.

பையை எடுத்துக்கொண்டு இருட்டில் வாசலை நோக்கி நடந்தேன். என் தோளிலிருந்து தலையை எடுக்காமல் அதுவும் கூடவே நடந்து வந்தது.